வான் வண்டியில் வன்னி சுற்றுகிறவர்களுக்கு: புழுக்கம் தாங்காத நாட்களில் எங்கே பிழை, எப்படித் திருத்துவது

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் வன்னிக்கு மேலே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும். பாடசாலை விடுமுறை, வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கும் காலம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா என்று ஆட்கள் வானில் பாயும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதும் இந்த மாதங்களில்தான். பின் இருக்கையைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்த ஹயஸ் என்றாலும், முழு வசதியோடு வாடகைக்கு எடுத்த கேம்பர் வான் என்றாலும், வெக்கை தரும் தொல்லை ஒரே மாதிரித்தான். உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளையும் வான் புறப்பட முன்னரே எல்லோரும் வாசித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இது எந்த வெக்கை என்று முதலில் பாருங்கள்

வன்னியில் இரண்டு விதமான வெக்கை உண்டு. ஒன்றுக்குச் சரிவரும் வைத்தியம் மற்றதற்குச் சரிவராது. மார்ச் கடைசியில் இருந்து மே நடுப்பகுதி வரை காற்று அசையாது, வானம் மூடிக்கொண்டு நிற்கும், உடம்பு ஒட்டும். ஜூன் பிறந்து சோளகக் காற்றும் கச்சான் காற்றும் வீசத் தொடங்கினால் உள்நாட்டில் காற்று காய்ந்துவிடும். மேற்கே இருந்து காடும் வெளியும் கடந்து முல்லைத்தீவுப் பக்கம் வந்து சேரும்போது அது அனல். அதே காற்று மன்னாரில் கடலில் இருந்து நேராக ஏறுவதால் அங்கே பிசுபிசுப்பு இருக்கும், ஆனால் வேகமும் இருக்கும். மன்னார் தீவின் தெற்குக் கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டதற்குக் காரணம் அதுதான்.

காலத்தை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். மெல்லிய துவாய் ஒன்றை நனைத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் நன்றாக உலர்ந்துவிட்டால் அது காய்ந்த வெக்கை. தொட்டால் இன்னும் ஈரம் கையில் ஒட்டினால் அது ஈர வெக்கை. வழமைக்கு மாறாக ஜூலையிலும் ஈர வெக்கை வரும் வருடங்கள் உண்டு, அதனால்தான் துவாயை நம்பச் சொல்கிறேன்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் உடம்பு குளிர்வது வியர்வை வெளியே வருவதால் அல்ல, அது தோலில் இருந்து ஆவியாகிப் போவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், சட்டை நனையும், சூடு மட்டும் இறங்காது. நிழலில் 32 பாகையும் ஈரப்பதன் 70 சதவீதமும் என்றால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 41 பாகை. வளிமண்டலவியல் திணைக்களம் கோடையில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது சொல்லும் கணக்கு இந்த உணரும் வெப்பத்தைத்தான். வெயிலில் நின்றால் அதற்கும் மேல்.

ஆகவே காய்ந்த வெக்கையில் தண்ணீர் தெளிப்பது, ஈரத் துணி தொங்கவிடுவது, மண்பானை எல்லாம் உதவும். ஈர வெக்கையில் வானுக்குள் ஈரத் துணி தொங்கவிட்டால் நிலைமை மோசமாகும். அங்கே தேவை ஓடும் காற்று, அத்தோடு உள்ளே ஈரம் சேராமல் பார்ப்பது. கீழே வரும் பல திருத்தங்களுக்கு அடி இதுதான்.

ஆள் தடுமாறுகிறார், பேச்சு குழறுகிறது, உடம்பு கொதிக்கிறது

இது நடந்தால் வானில் என்ன கோளாறு என்றாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், களைப்பு, ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார் என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, நனைத்து விசிறி, ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலோ உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளிவு வர வேண்டும். வராவிட்டால் ஆஸ்பத்திரி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், எங்கே நிற்கிறோம் என்று தெரியாத குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் என்று வந்தால் அது வெப்ப அதிர்ச்சி. உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வன்னிப் புழுக்கத்தில் வியர்வை ஓட ஓடவும் இது வரும். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆனால் ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் காட்டு வீதியில் நின்றுகொண்டு அம்புலன்ஸ் வரும் வரை கைகட்டி நிற்கக் கூடாது. வானில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் ஆளின் மேல் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் நனையட்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அங்கே வையுங்கள். இரண்டு பேர் பாயாலோ மட்டையாலோ விடாமல் விசிறுங்கள். குளிரவைப்பது முதல் வேலை, ஏற்றிக்கொண்டு ஓடுவது இரண்டாவது. நினைவு தடுமாறுகிறவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பனடோல் இந்தச் சூட்டை இறக்காது. அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

பிரஷர் குளிசை, தண்ணீர் பிரியச் செய்யும் குளிசை எடுக்கும் அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் புறப்பட முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் போதாது: கடைக்கு இறங்கும் அஞ்சு நிமிடத்துக்கும் பிள்ளையை மூடிய வானுக்குள் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்ளே பத்து நிமிடத்தில் பத்துப் பாகை வரை ஏறிவிடும்.

இரவில் நித்திரை இல்லை, விரிப்பு நனைகிறது, விடியக் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது

நான் அதிகம் கேள்விப்படும் முறைப்பாடு இதுதான். பலர் இதற்கு இன்னொரு ஃபான் வாங்குகிறார்கள். அதே ஈரக் காற்றையே அதுவும் சுற்றிச் சுற்றி அடிக்கும். பிழை வேறு இடத்தில்.

தூங்குகிற ஒரு ஆள் மூச்சாலும் தோலாலும் ஒரு இரவில் கால் லீற்றருக்கு மேல் ஈரத்தை வெளியே விடுகிறார். நாலு பேர் படுத்தால் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் வானுக்குள் மிதக்கிறது. அது வெளியே போக வழி வேண்டும். ஒரு யன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது, உள்ளே இருப்பதும் போகாது. காற்று வரும் பக்கத்தில் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கத்தில் உயரமாக ஒரு திறப்பு, இரண்டும் வேண்டும். கூரையில் துவாரம் உள்ள வான் என்றால் அங்கே இருக்கும் ஃபானை வெளியே தள்ளும்படி ஓடவிடுங்கள். உள்ளே ஊதவிட்டால் சூடான கூரைக் காற்றைத்தான் முகத்தில் கொட்டும். கூரைத் துவாரம் இல்லாவிட்டால் பின்கதவை மேலே தூக்கிவிட்டு, ஒரு சின்ன ஃபானை அந்தப் பக்கம் வெளியே பார்க்க வைத்து, முன் யன்னல்களை நாலு விரல் இறக்கிவிட்டால் போதும். இன்னொரு ஃபான் இருந்தால் அது நேராக உடம்பில் படட்டும். ஈர வெக்கையில் தோலின் மேல் ஓடும் காற்றுத்தான் வியர்வையைக் கொண்டுபோகும்.

நுளம்பு வலை காற்றை மறிக்கும், அது உண்மை. அதற்காக வலையைக் கழற்ற வேண்டாம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். ஆனால் டெங்கு இருக்கிறது, அந்த நுளம்பு விடியப்புறமும் பின்னேரமும் பகல் வெளிச்சத்திலேயே கடிக்கும். வலையை யன்னலோடு ஒட்டிக் கட்டாமல் திறந்த கதவு முழுவதையும் மூடும் பெரிய வலையாகத் தொங்கவிடுங்கள். பரப்பு கூடினால் காற்று வருவதும் கூடும்.

மெத்தையையும் பாருங்கள். ரப்பர் நுரை மெத்தை பகல் சூட்டைப் பிடித்துவைத்து நடுச்சாமம் வரைக்கும் முதுகுக்குத் திருப்பித் தரும். அதற்கு மேலே பன்பாய் ஒன்றை விரியுங்கள். பாயின் இடுக்கால் காற்று போகும், வியர்வை தேங்காது. பலகைக் கட்டில் என்றால் பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்திருக்க வேண்டும்.

வானுக்குள் சமைக்காதீர்கள். ஒரு பானை சோறு வடித்தால் வரும் ஆவி அந்த இரவு முழுக்க உங்களோடு படுத்திருக்கும். குளித்த துவாய்களையும் வெளியே கட்டுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குவதைப் பற்றி: செய்யவே கூடாது. நிற்கும் வாகனத்தின் புகை காற்றில்லாத இரவில் கீழேயே தேங்கி உள்ளே வரும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடினாலும் இதே ஆபத்து.

இவ்வளவும் செய்தும் முடியவில்லையா? இடத்தை மாற்றுங்கள். சோளகக் காலத்தில் மன்னார்க் கரை இரவிலும் காற்றோடு இருக்கும். சித்திரையில் முல்லைத்தீவுக் கரையில் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறும். நான்கு பக்கமும் காடு சூழ்ந்த இடத்தில் நிறுத்தினால் மரம் இருக்கும், காற்று இருக்காது. குளத்து அலைகரையில் காற்று உண்டுதான். ஆனால் யானை இறங்கும் பாதையிலும் முதலை உள்ள கரையிலும் இரவு தங்குவது விளையாட்டல்ல. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டால் எந்தக் கரையில் எது வரும் என்று சொல்வார், தங்கக்கூடிய கோயில் வளவையும் காட்டுவார்.

நிறுத்தி அரை மணித்தியாலத்தில் உள்ளே அடுப்பு

சூரியன் உச்சியில் நிற்கும் சித்திரையில் யன்னல் திரைச்சீலை பெரிதாக உதவாது, சூடு இறங்குவது கூரையால். மதியம் கூரையின் உள்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அங்கேதான் வேலை. வானுக்கு மேலே தறப்பாள் கட்டுங்கள், ஆனால் கூரையோடு ஒட்டாமல் ஒரு முழம் இடைவெளி விட்டு. ஒட்டிக் கட்டினால் தறப்பாளின் சூடு தகரத்துக்கு இறங்கும். இடைவெளி இருந்தால் நடுவில் காற்று ஓடி அதைக் கொண்டுபோய்விடும். இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்பதென்றால் ஊரில் கிடுகு வாங்கிப் போடுங்கள், தறப்பாளை விடக் கிடுகுதான் குளிர்ச்சி. ஓடும்போது கழற்றிவிட வேண்டும். முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பை முடிந்தால் வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத்தான் மறிக்கிறீர்கள்.

மரநிழல் என்றால் பாலை, வேம்பு, புளி, வாய்க்கால் ஓரத்து மருது எல்லாம் நல்ல அடர்த்தி. தென்னைக்கும் பட்ட மரத்துக்கும் கீழே வேண்டாம்.

நிழல் தேடி வீதியை விட்டு இறங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ, நாடா கட்டிய கட்டையோ கண்ணில் பட்டால் ஒரு அடி கூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆள், மாடு, உழவு இயந்திரம் போய்வந்த தடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். வெயிலில் ஒரு மணித்தியாலம் காய்ந்தாலும் பரவாயில்லை.

ஏசி ஓடுகிறது, குளிர் வரவில்லை

எப்போது வரவில்லை என்று பார்த்தால் பிழை பாதி பிடிபட்டுவிடும்.

ஓடும்போது குளிர்கிறது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்க நிறுத்தினால் சூடாக வருகிறது என்றால், கேஸ் குறைவு என்று யாராவது சொன்னதும் காசு கொடுத்துவிடாதீர்கள். முதலில் முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரையும் அதன் மின்விசிறியையும் பாருங்கள். ஓடும் வாகனத்துக்குக் காற்று தானாக வரும், நின்றால் விசிறிதான் காற்று. விசிறி சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கிரவல் வீதிச் செம்மண்ணும் பூச்சியும் புல்விதையும் கண்டென்சரின் இடுக்கை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். எஞ்சின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் மெல்லக் கழுவலாம். சேவிஸ் நிலைய அழுத்தத் துவக்கைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

முதல் ஒரு மணித்தியாலம் நல்ல குளிர், பிறகு காற்றே மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது என்றால் உள்ளே குளிர்ச்சுருள் ஐஸ் பிடித்திருக்கிறது. ஈரம் கூடிய நாட்களில் இது சாதாரணமாக வரும். ஏசி பொத்தானை அணைத்து, ஊதியை முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், உருகிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே வரும் காற்றை வடிக்கும் உள்வடியை (ஃபில்டர்) கழற்றிப் பாருங்கள். அது தூசியால் அடைத்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

எந்த நேரமும் குளிர் அரைகுறை என்றால் முதலில் வெளிக்காற்று வரும் நெம்பைப் பாருங்கள். புறப்பட்ட முதல் இரண்டு நிமிடம் யன்னல்களைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள், பிறகு மூடி உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். வெளியே இருந்து ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் ஏசியின் பலம் பெரும்பாலும் அந்த ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும். அடுத்ததாகப் பின்பக்க ஊதி. வானில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குளிர்ச்சுருள் இருந்தால் பின்னால் ஆள் இல்லாதபோது பின் ஊதியை நிறுத்துங்கள். எஞ்சியதெல்லாம் கேஸ் கசிவு, கம்பிரசர், பெல்ட். அதற்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அழுத்தமானி வைத்திருக்கும் ஏசிக் கராஜ் ஒன்றைத் தேட வேண்டும். மானி போட்டுப் பார்க்காமல் கேஸ் ஏற்றுகிறவரிடம் விட வேண்டாம்.

ஏசி ஓடும்போது வானுக்குக் கீழே தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. புழுக்கமான நாளில் சொட்டே இல்லை, ஆனால் முன் கால்மிதி ஈரமாக இருக்கிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மெல்லிய வயரால் கீழிருந்து குத்திவிட்டால் தண்ணீர் கொட்டும்.

எஞ்சின் வெப்பமுள் மேலே ஏறுகிறது

ஏசியை உடனே நிறுத்துங்கள். ஹீற்றர் வேலைசெய்கிற வான் என்றால் யன்னல்களைத் திறந்துவிட்டு ஹீற்றரை முழுதாகப் போடுங்கள். வெக்கையில் இது கொடுமையாகத் தெரியும், ஆனால் எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்து முள்ளை இறக்கும். முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஏ9 வீதி நேராகக் கிடப்பதால் வேகம் கூடிவிடும், பாரம் ஏற்றிய வானுக்கு மணிக்கு 60 கிலோமீற்றர் போதும்.

ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அரை மணித்தியாலம் போகட்டும், மேல் குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். இலகுவாக அமுங்கினால் மட்டும் துணியைப் போட்டு மெல்லத் திறக்கலாம். ஊற்றுவது கூலன்ற், இல்லாவிட்டால் பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர், கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை ரேடியேற்றருக்குள்ளும் படியும். அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஊற்றுங்கள், நகரத்துக்கு வந்ததும் கழுவி மாற்றிவிடுங்கள்.

ரயர்

காற்றைக் காலையில், வான் ஓட முன்னர் பாருங்கள். ஓடிச் சூடான ரயரில் அழுத்தம் கூடித் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியபின் குறைவாக இருக்கும், குறைந்த ரயர்தான் சூடேறி வெடிக்கும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். பூ மிச்சம் இருந்தாலும் பழைய ரயரின் பக்கத்தில் வெடிப்புக் கோடுகள் விழுந்திருந்தால் நீண்ட பயணத்துக்கு வேண்டாம்.

ஃபான் நடுச்சாமத்தில் நிற்கிறது

கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. 24 வாற்று ஃபான் 12 வோல்ற்றில் 2 அம்பியர் எடுக்கும். எட்டு மணித்தியாலம் ஓடினால் 16 அம்பியர் மணி. இரண்டு ஃபானும் ஒரு சின்னக் குளிர்ப்பெட்டியும் சேர்ந்தால் ஐம்பதை நெருங்கிவிடும். ஈய அமிலப் பற்றறியில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, 100 எழுதிய பற்றறி ஒரு இரவுக்கு மட்டுமட்டாகக் காணும். வெப்பமும் அதன் ஆயுளைக் குடிக்கும்: வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது பொதுக் கணக்கு. எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்த பற்றறியை உள்ளே காற்றோட்டமான பெட்டிக்கு மாற்றுங்கள். வான் ஸ்டார்ட் செய்யும் பற்றறியில் ஃபான் போடாதீர்கள். விடியக் காட்டு வீதியில் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

நல்ல வெயில், ஆனால் சோலர் தகடு குறைவாகத் தருகிறதா? தகடு சூடானால் தரும் மின்சாரம் குறையும், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் அரைச் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக. கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல் கீழே காற்று போக இரண்டு அங்குலம் விடுங்கள். தூசியைக் காலையில் துடையுங்கள். நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தகடு தரும் மின்சாரம் பெரிதாகக் குறைந்துவிடும். வானுக்கு நிழலும் தகட்டுக்கு வெயிலும் வேண்டும் என்பதால் நீளமான வயரோடு தரையில் வைக்கும் தகடே வன்னிக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

தண்ணீர் குளிரவில்லை, சோறு மத்தியானத்துக்குள் பழுதாகிறது

ஜூலையில் மண்பானைத் தண்ணீர் பல் கூசும், சித்திரையில் அதே பானை சும்மா கிடக்கும். பானையில் பிழை இல்லை. பானையின் உடம்பில் கசியும் நீர் ஆவியானால்தான் உள்ளே குளிரும், ஈரக் காற்றில் அது ஆவியாகாது. அந்த நாட்களில் ரெஜிபோம் பெட்டியும் ஐஸும்தான். மீன் இறங்கும் கரைப் பக்கங்களில் ஐஸ் கட்டியாக வாங்கலாம். உடைத்த ஐஸை விடப் பெரிய கட்டி நீண்ட நேரம் நிற்கும். பெட்டியை ஆளுக்கு ஆள் திறக்காமல், குடிதண்ணீருக்கு ஒன்று, மீனுக்கும் மரக்கறிக்கும் இன்னொன்று என்று பிரியுங்கள்.

தேங்காய்ப்பால் விட்ட கறி முதலில் புளிக்கும். வெக்கைப் பயணத்துக்குப் பால்கறியை விட்டு, புளி விட்ட குழம்பு, பருப்பு, கருவாட்டுப் பொரியல், இடிசம்பல் என்று போங்கள். சோற்றை வேளைக்கு வேளை வடியுங்கள். காஸ் சிலிண்டரை வெயிலிலோ மூடிய வானுக்குள்ளோ வைக்க வேண்டாம்.

வேர்க்குரு, கால் பிடிப்பு, காரணமில்லாத சண்டை

மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன: ஈரமாகக் கிடக்கும் தோல், குறைந்துபோன தண்ணீரும் உப்பும், கெட்ட தூக்கம். வேர்க்குருவுக்கு எண்ணெயும் தடித்த கிறீமும் பூசினால் துவாரம் இன்னும் அடையும். தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, பருத்திச் சாரமோ சட்டையோ தளர்வாக உடுத்தினால் தானாக அடங்கும். கால் பிடித்தால் ஜீவனி ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டினால் கெடுதல். மோரும் இளநீரும் பழஞ்சோற்றுத் தண்ணியும் நல்லவை. பியரும் இனிப்புச் சோடாவும் தாகத்தை அடக்காது.

சலத்தின் நிறத்தைப் பாருங்கள். கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. மலசலகூடத்துக்கு நிறுத்தக் கேட்க வெட்கப்பட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமல் வருவது நம் பயணங்களில் வழமை. அதனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கேட்காமலே நிறுத்துங்கள். வெயிலில் வேலைசெய்கிறவர் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை குடிக்கலாம், ஆனால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்ட வேண்டாம். சண்டைக்கு என்ன செய்வது? பகல் பதினொன்றில் இருந்து மூன்றரை வரை ஓடாதீர்கள். விடிய நாலரைக்குப் புறப்பட்டு, பத்தரைக்குள் நிழலில் நிறுத்தி, பாயை விரித்து எல்லோரும் படுங்கள்.

வானுக்குள் பூஞ்சண மணம்

மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், கறுப்புப் புள்ளி அங்கேதான் தொடங்கும். வெயில் கிடைக்கும் நாளில் மெத்தை, கால்விரிப்பு, பைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவிட்டு, பலகையை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து உலரவிடுங்கள். ஏசியைப் போட்டதும் மணம் வந்தால் குளிர்ச்சுருளில் ஈரம் தங்குகிறது. சேரும் இடத்துக்கு அஞ்சு நிமிடம் முன்னரே ஏசியை அணைத்து, ஊதியை மட்டும் ஓடவிட்டு உலர்த்துங்கள்.

பின்னேரம் கறுத்து இடி முழங்குகிறது

சித்திரையில் காலை முழுக்கப் புழுங்கினால் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். மழை வரப்போகிறதென்று வெளியே குளிக்க நிற்காதீர்கள். வெட்டவெளி, வயல், குளக்கட்டு, தனிப்பனைக்கு அடி எல்லாம் மின்னலுக்கு வாகான இடங்கள். தகரக் கூரை உள்ள வானுக்குள் ஏறி, யன்னல்களை மூடி, தகரத்திலும் கதவுப் பிடியிலும் கை படாமல் இருங்கள். கட்டிய தறப்பாளை முதல் காற்றுக்கு முன்னரே இறக்கிவிட வேண்டும். தரையில் வைத்த சோலர் தகட்டின் வயரையும் கழற்றுங்கள். கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் ஆனதும் கதவுகள் எல்லாவற்றையும் விரியத் திறந்து, ஃபானை வெளியே பார்க்கத் திருப்பி, உள்ளே தேங்கிய ஈரத்தைத் தள்ளிவிட்டுப் பிறகு பாயை விரியுங்கள்.